தண்ணீர் இல்லாத ஆறு

லைசென்ஸ் ஒப்பந்தத்தில் பாதி தாண்டுவதற்குள் அவளுக்குக் கண்ணைக் கட்டியது. விளையாட்டுகளைக் கட்ட உதவும் மென்பொருளான கேம் எஞ்சினை விற்கும் நிறுவனம் நிபந்தனைகளைப் புதிதாக மாற்றியிருந்தது. பலர் சேர்ந்து ஆடும் விளையாட்டுகள் இனிமேல் அவர்களுடைய சர்வர் வழியாகத்தான் ஓட வேண்டும். சந்தா நின்றால் விளையாட்டும் நின்றுவிடும். இந்த நிபந்தனைகளையும் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்வார்களாம்.

"நம்ம கட்டின வீட்டுல நம்மளையே வாடகைக்கு இருக்கச் சொல்றாங்க," என்றாள்.

"சரின்னு அமுக்கிட்டு வா. எல்லாரும் அதைத்தானே பண்றாங்க," என்றான் கணவன், வரைந்துகொண்டிருந்த திரையிலிருந்து தலையை எடுக்காமல்.

இருவரும் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்து, ஒன்றாக ராஜினாமா செய்துவிட்டு வந்தவர்கள். நிரல் எழுதுவது அவள், படம் அவன். விளையாட்டு என்று பார்த்தால் ஒன்றுமில்லை. ஒரு படகு, அதில் இரண்டு பேர், ஆளுக்கு ஒரு துடுப்பு. பேசிக்கொள்ள வழி கிடையாது; கூட இருப்பவர் வைத்துக்கொண்ட பெயர் மட்டும் தெரியும். ஒருவர் மட்டும் வலித்தால் படகு நின்ற இடத்திலேயே சுற்றும். ஆனால் அந்த ஆற்றுத் தண்ணீர்! துடுப்பு பட்ட இடத்தில் அது குழிந்து, சுருண்டு, வெயிலை உடைத்துக்கொண்டு மூடும். அதற்காகவே அவன் ஒரு வருடம் தவம் கிடந்தான். அந்த எஞ்சினின் சொந்தக் கருவியில் செய்தது. வேறொன்றுக்குக் கொண்டுபோக முடியாது.

வேறொன்று இருக்கத்தான் செய்தது. இலவச எஞ்சின். எடுத்துக்கொள், வெட்டிக்கொள், ஒட்டிக்கொள், உன் வீட்டுக் கணினியிலேயே சர்வரை வைத்துக்கொள் என்று அரைப் பக்கத்தில் முடிந்துபோகும் லைசென்ஸ். அதை எடுத்தால் தண்ணீர் போய்விடும். அதனால்தான் அந்தப் பேச்சையே அவள் எடுக்காமல் இருந்தாள்.

அன்று சாயங்காலம் எதையோ சரிபார்க்க, ஓடிக்கொண்டிருந்த ஆட்டத்தை மேலிருந்து எட்டிப் பார்த்தாள். ஆற்றில் ஒரே ஒரு படகு. அதில் இருந்தவர்களின் பெயர்களைப் பார்த்ததும் கை விசைப்பலகையிலேயே நின்றுவிட்டது. ஒருவர் 'இழைப்புளி'. மற்றவர் 'வாத்து'.

இழைப்புளி அவள் அப்பா, மரம் இழைக்கும் தச்சர். வாத்து அவள் தங்கை; நடை பழகின காலத்தில் அப்பாவே வைத்த பெயர். அம்மாவுக்கு ஆபரேஷன் செய்துவிடலாம் என்று மருத்துவரிடம் துணிந்து சொன்னவள் தங்கைதான். அம்மா பிழைக்கவில்லை. "நீதானே சரின்னு சொன்ன," என்று ஒரு வார்த்தை கேட்டார் அப்பா. அதற்குப் பிறகு இரண்டு வருடமாகத் தங்கையிடம் ஒரு வார்த்தை இல்லை. பிழை இருந்தால் சொல்லுங்கள் என்று இருவருக்கும் தனித்தனியாகத்தான் அவள் விளையாட்டை அனுப்பியிருந்தாள்.

வளைவில் தங்கையின் துடுப்பு தடுமாறியது. அப்பா வலிப்பதை நிறுத்தினார். அவள் நிதானத்துக்கு வந்த பிறகு மெல்ல ஒரு இழுப்பு, கூடவே அவளுடையதும். கரைக்குப் போனார்கள், திரும்பினார்கள், மறுபடியும் கிளம்பினார்கள்.

கணவன் காப்பிக் கோப்பையோடு பின்னால் வந்து நின்றான்.

"யாரு அது?"

"அப்பா. கூட இருக்கறது சின்னவ."

அவன் உட்கார்ந்துவிட்டான். படகு இன்னொரு சுற்று வந்தது.

"தினமும் வராங்களா?"

"தெரியல. கேக்கப் பயமா இருக்கு. கேட்டா நிறுத்திடுவாங்களோன்னு." அவள் விரல் நகத்தைக் கடித்தாள். "நம்ம கேம் ஓடலைன்னா சந்தாவ நிறுத்திடுவோம்ல? அப்போ இவங்க எங்க போவாங்க?"

இலவச எஞ்சினுக்குத்தான் அவள் வருகிறாள் என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது. எழுந்து சமையலறைக்குப் போனான். கழுவி வைத்த பாத்திரங்களையே மறுபடி கழுவும் சத்தம் வந்தது. அவள் பின்னாலேயே போகவில்லை. போய் என்ன சொல்வது? கொஞ்ச நேரம் கழித்து ஈரக்கையோடு வந்து நின்றான்.

"ஒரு வருஷம் அந்தத் தண்ணிக்குள்ளயே கிடந்தேன்."

"தெரியும்."

"அதுல ஒரு சொட்டுகூடத் தேறாது."

"தெரியும்பா."

அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். தன் தண்ணீரைப் பார்த்தானா, படகைப் பார்த்தானா, அவளுக்குத் தெரியவில்லை. கடைசியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "தண்ணிதானே. மறுபடி ஊத்திக்கலாம்," என்றான். சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. அவள் அந்த ஈரக்கையைப் பிடித்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

இலவச எஞ்சினில் முதல் வடிவம் ஒப்பேறச் சில வாரங்கள் ஆயின. படகு இருந்தது, துடுப்பு இருந்தது. ஆறு இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு மொட்டைத் தரை. அனுப்பின அன்றே அப்பா போன் செய்தார்.

"ஏம்மா, தண்ணி எங்கம்மா?"

"வேற எஞ்சினுக்கு மாத்திட்டோம்பா. தண்ணி வர நாளாகும். அதுவரைக்கும் ஆட வேண்டாம்னா விட்டுடுங்க."

"ஆடறதுக்கென்ன? என் கண்ணுல கோளாறோன்னு பாத்தேன்." கொஞ்சம் இழுத்தார். "வாத்துக்கும் இப்படித்தான் தெரியுதாமா?"

அப்பா வாயால் அந்தப் பெயரைக் கேட்டு எவ்வளவு காலம்!

"எனக்கெப்படிப்பா தெரியும்? நீங்களே கேளுங்க. அவ நம்பர் மாறல."

அப்பா இணைப்பைத் துண்டிக்கவில்லை. அவர் மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. கணவன் தன் திரையைச் சத்தமில்லாமல் அவள் பக்கம் திருப்பினான். அலையோ ஒளியோ இல்லாத அந்தச் சாம்பல் வெளியின் நடுவில், வாத்து மட்டும் துடுப்பைச் சின்னச் சின்னதாக வலித்துக்கொண்டிருந்தது. படகு எங்கேயும் போகாமல், நின்ற இடத்திலேயே மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது.