பெரிய அடுப்பு, சின்ன அறை

1

இது கதையாக ஆரம்பிக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குளிரான ஊர்களில் வீடு வைத்திருப்பவர்களுக்காக வரும் ஒரு இதழுக்கு, எந்த அறைக்கு எந்த விறகடுப்பு பொருந்தும், அதை எப்படிப் பராமரிப்பது என்று கட்டுரை எழுதித் தர ஒப்புக்கொண்டிருந்தேன். சமையல் அடுப்பைச் சொல்லவில்லை. அறையைச் சூடாக்க மூலையில் நிற்குமே, முன்னால் கண்ணாடிக் கதவும் பின்னால் கூரை வழியாக மேலே போகும் புகைக்குழாயுமாக, அந்த இரும்பு அடுப்பு. விஷயம் எனக்குத் தெரியும். தெம்பாகத்தான் எழுத உட்கார்ந்தேன்:

"அடுப்பு வாங்குவதற்கு முன் அறையை அளந்து பாருங்கள். சின்ன அறையில் பெரிய அடுப்பை வைத்தால்

வைத்தால் என்ன ஆகும் என்று எழுதப் போவதற்குள் ஒருத்தி வைத்தே விட்டாள். கட்டுரை அங்கே நின்றது. இதழாசிரியர் இரண்டு முறை போன் செய்தார். நான் எடுக்கவில்லை.

2

அவளைச் சின்னவள் என்கிறேன். வீட்டிலும் அப்படித்தான். வயலின் பழுது பார்ப்பது அவள் தொழில். அக்கா பெரியவள், தையல் வகுப்பு நடத்துகிறாள். பெற்றோருக்குப் பிறகு வீட்டை இருவரும் பிரித்துக்கொண்டார்கள். உயரமான கூரை போட்ட முன்கூடம் பெரியவளுக்கு. பின்பக்கத்துச் சின்ன அறைகள் சின்னவளுக்கு. இடையில் ஒரு சுவர், அதை ஒட்டி இருவரும் போய்வர ஒரு நடை.

எல்லாம் நல்லபடியாக முடிந்து, கூடத்தில் நின்ற பெரிய அடுப்பில் வந்து பேச்சு முட்டியது.

"கூடம் உனக்குன்னா அடுப்பு எனக்கு" என்றாள் சின்னவள்.

"அத எங்கடி வைப்ப? உன் ரூம்ல நீ திரும்பி நிக்கவே இடமில்ல."

"எனக்குன்னு பெருசா எதுவுமே வரக் கூடாதாக்கா?"

பெரியவள் அவளை ஒரு நிமிடம் பார்த்தாள். "எடுத்துக்கோ" என்றாள். அதோடு பேச்சு நின்றது. நடையில் எதிரெதிரே வந்தால் இருவரும் சுவரோரமாக ஒதுங்கிப் போனார்கள்.

(இந்த இடத்தில் அந்த அடுப்போடு சின்னவளுக்கு ஒரு பால்ய கால உறவு இருந்ததாக ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன். அழகாக வந்தது, அதனாலேயே சந்தேகப்பட்டு அடித்துவிட்டேன். அவளுக்கு அடுப்பின் மேல் பாசமெல்லாம் கிடையாது. வீம்பு, அவ்வளவுதான்.)

3

அடுப்பைப் பெயர்த்து வைக்க ஒரு ஆள் வந்தார். முதல் வரைவில் அவரை ஞானியாக்கியிருந்தேன். அறையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அடுப்பைப் பற்றியும் வாழ்க்கையைப் பற்றியும் நாலு வார்த்தை சொன்னார். அப்படி ஒருவர் வந்துவிட்டால் எல்லாருக்கும் புத்தி வந்து கதை அங்கேயே படுத்துவிடும். ஆகவே அவரை நிஜ ஆளாக மாற்றினேன்.

"இங்கயேவா வைக்கணும்?"

"இங்கயேதான்."

"சூடு கொஞ்சம் தூக்கலா இருக்குமே."

"குளிருக்குத்தானே அடுப்பு வைக்கிறோம்?"

"அதுவும் சரிதாங்க" என்று சொல்லி, குழாயை மாட்டிக்கொடுத்துவிட்டு அவர் அடுத்த வீட்டுக்குக் கிளம்பினார்.

4

அடுப்பு மூட்டியதும் அறை கொதித்தது. வெளியே எல்லோரும் கம்பளி போர்த்தி நடக்க, சின்னவள் கையில்லாத சட்டையில் வியர்த்து வழிந்தபடி வேலை செய்தாள். இருந்தும் உள்ளூர ஒரு பெருமிதம். அது ஒரு காலை நேரத்தில் 'டக்' என்ற சத்தத்தோடு போனது. மேஜை மேல் கிடந்த ஒரு பழைய வயலினின் மேல்பலகை, அனலில் காய்ந்து, நடுவில் ஒட்டிய இணைப்பில் வாய் பிளந்திருந்தது.

வயலினுக்கு உரியவர் வந்து பார்த்தார். நெடுநாள் கச்சேரி வாசித்தவர். அவர் சத்தம் போடவில்லை. பிளவின் மேல் விரலை வைத்து மெதுவாகத் தடவினார்.

"நான் கொண்டுவந்தப்ப இது இல்லம்மா."

"இல்லதான். என் அறைச் சூட்டுல வந்தது. நானே ஒட்டித் தர்றேன்."

சொன்னபடி ஒட்டியும் கொடுத்தாள். ஆனால் அந்த விரல் தடவிய விதம் அவளை விடவில்லை. அன்றிலிருந்து அடுப்பை அடக்கி ஆள முடிவு செய்தாள். பெரிய கட்டையாக ஒன்றை உள்ளே வைத்து, காற்று போகும் திறப்பைக் கிட்டத்தட்ட முழுக்க மூடிவிடுவாள். சுவாலை படுத்துக்கொள்ளும். விறகு நாள் முழுக்க உள்ளுக்குள் புழுங்கும். அறை இதமாக இருக்கும். நினைத்ததைச் சாதித்துவிட்டோம் என்றுதான் அவள் நம்பினாள்.

[கட்டுரைக்காரன் இங்கே குறுக்கிட்டே ஆக வேண்டும். காற்றில்லாமல் எரியும் விறகு புகையைத்தான் கக்கும். அந்தப் புகை குழாயில் ஏறும்போதே குளிர்ந்து, உள்பக்கம் தார் மாதிரி அப்பிக்கொள்ளும். தார் எரியக்கூடிய பொருள். அடுப்புக் கண்ணாடி அடிக்கடி கறுத்தால் அது மூச்சுத் திணறுகிறது என்று அர்த்தம். சின்ன அடுப்பை வாங்கி நன்றாக எரிய விடுவதுதான் சின்ன அறைக்கு நல்லது. எல்லாவற்றையும் அடைப்புக்குறிக்குள் தெளிவாக எழுதிவிட்டேன். அடைப்புக்குறிக்குள் இருப்பதைப் பாத்திரங்கள் படிப்பதில்லை.]

கண்ணாடி கறுக்கத்தான் செய்தது. ஈரக் காகிதத்தில் சாம்பலைத் தொட்டுத் தினமும் பளபளவென்று துடைத்தாள். "என்ன கண்ணாடியோ" என்று முணுமுணுத்துக்கொண்டாள்.

5

பெரியவள் பக்கத்துக் கதையையும் எழுதலாமா என்று யோசித்தேன். சின்னவளோடேயே இருப்பது என்று முடிவு செய்திருப்பதால், நடையில் போகும்போது அவள் கண்ணில் பட்டது மட்டும்.

பெரியவள் கூடத்துக்கு ஒரு குட்டி அடுப்பு வாங்கியிருந்தாள். அவ்வளவு உயரக் கூரைக்கு அது எந்த மூலைக்கு? வகுப்புக்கு வரும் பெண்கள் தையல் மெஷின்களை அதைச் சுற்றி நெருக்கிப் போட்டிருந்தார்கள். அடுப்பின் பக்கத் தகடு சிவக்கும் அளவுக்குப் பெரியவள் விறகைத் திணித்தபடி இருந்தாள். ஓரத்தில் உட்கார்ந்திருந்த பெண், ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் விரல்களை அக்குளில் வைத்துச் சூடேற்றிக்கொண்டிருந்தாள்.

முதல் முறை பார்த்தபோது சின்னவளுக்குக் கொஞ்சம் திருப்தியாக இருந்தது. மறுமுறை அந்தத் திருப்தியைத் தேடிப் பார்த்தாள். கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள்.

6

ஒரு பிற்பகல், நல்ல காய்ந்த விறகு வந்ததென்று அடுப்பை நிரப்பி, பற்றிக்கொள்ளட்டும் என்று காற்றுத் திறப்பை முழுக்கத் திறந்துவிட்டு வேலையில் ஆழ்ந்தாள். திடீரென்று சுவருக்குள் ரயில் போவதுபோல ஓர் இரைச்சல். நிமிர்ந்தாள். புகைக்குழாய் அடியிலிருந்து சிவந்துகொண்டே மேலேறியது. குழாய்க்குள் தீப்பிடித்திருந்தது.

அவள் வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடி வர, பின்னாலிருந்து ஒரு கை வாளியைப் பிடித்து நிறுத்தியது.

"ஊத்தாதடி. இரும்பு வெடிச்சு மூஞ்சில அடிக்கும்."

பெரியவள் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு குனிந்து, காற்றுத் திறப்பை இழுத்து மூடினாள். அடுப்புக் கதவை அழுத்திப் பார்த்தாள். "வெளிய போ" என்றாள்.

"வயலினெல்லாம் இருக்குக்கா."

பெரியவள் கூடத்தைப் பார்த்து ஒரே ஒரு குரல் கொடுத்தாள். தையல் வகுப்பு மொத்தமும் வந்தது. ஆளுக்கொரு வயலினைத் தூக்கிக்கொண்டு போயிற்று.

7

இந்தக் காட்சிக்காக எத்தனை கட்டுரையை வேண்டுமானாலும் விட்டுக்கொடுப்பேன். தெருவில் பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். கழுத்தில் அளவு நாடா, நெஞ்சில் யார் யாருடைய வயலினோ, தூங்கும் குழந்தையை வைத்திருப்பதுபோல. மேலே புகைபோக்கியிலிருந்து தீ பீறிடுகிறது. தீயணைப்பு வண்டி வந்து, நெருப்பு அடங்கி, வீரர் ஒருவர் கூரையிலிருந்து இறங்கி வந்து சொன்னார்: "குழாய் போச்சு. மாத்தாம பத்த வைக்காதீங்க. கூரை தப்பிச்சது நீங்க காத்த அடைச்சதாலதான்."

சின்னவள் வாசலுக்குத் திரும்பி வந்தாள். படியில் உட்கார்ந்தாள். பெரியவளும் சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள்.

"உனக்கெப்படிக்கா தெரிஞ்சுது?"

"சத்தம் கேட்டுச்சு. இத்தனை வருஷம் அந்தக் குழாய வருஷா வருஷம் இறக்கிச் சுரண்டினது யாருன்னு நினைச்ச?"

"மூஞ்சியெல்லாம் கரியோட வந்து நிப்ப. நான் சிரிச்சிருக்கேன்."

"சிரிப்ப. அடுப்புகிட்ட உக்காந்துட்டு சிரிப்ப."

பெரியவள் கையில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தாள்.

"கட்டை வெச்சு அமுக்கி எரிக்கிறன்னு வாசனைலயே தெரிஞ்சுது. சொல்லியிருக்கணும்" என்றாள் பெரியவள்.

"சொல்லியிருந்தா கேட்டிருக்க மாட்டேன்."

"அதுக்காக சொல்லாம இருக்கலாமா?"

சின்னவள் அழுதாளா? (அழுதாள் என்று எழுதினேன். மூக்கை உறிஞ்சினாள் என்று மாற்றினேன். குளிரும் இருந்தது அல்லவா.)

8

முடிவுகள் சில கைவசம் இருந்தன.

சுவரை இடித்து, இரண்டு பக்கத்துக்கும் ஒரே அடுப்பு. உருக்கமாக இருக்கும். ஆனால் கூரையைத் தாங்குகிற சுவர் அது. கொத்தனாரைக் கேட்காமல் நான் இடிக்க மாட்டேன்.

பெரிய அடுப்பு கூடத்துக்கு, குட்டி அடுப்பு அறைக்கு. கட்டுரைக்கு இதுதான் விடை. அளவுக்கணக்கில் பிசகே இல்லை. ஆனால் சின்னவள் கேட்ட கேள்வி ஒன்று இருக்கிறதே, தனக்கென்று பெரிதாக எதுவும் வரக் கூடாதா என்று. அதற்கு இந்த விடை

எழுதுவதை நிறுத்திவிட்டு, நடந்ததை மட்டும் சொல்கிறேன். மறுநாள் குழாயைக் கழற்றினார்கள். சாமான் ஏற்றும் தள்ளுவண்டியோடு வந்த ஒருவர் அடுப்பை நடை வரைக்கும் கொண்டுவந்து நிறுத்தினார். இடது பக்கம் கூடம், வலது பக்கம் அறை.

"எந்தப் பக்கம் தள்ளட்டும்?" என்று பெரியவளைக் கேட்டார்.

"அது அவளோடது. அவளக் கேளுங்க" என்றாள் பெரியவள்.

சின்னவள் திரும்பி அக்காவைப் பார்த்தாள். அந்த வார்த்தையில் குத்தல் இருக்கிறதா என்று தேடினாள். இல்லை. கூடத்தில் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அறையில் ஒட்டி முடித்த வயலின் ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தைக் காட்ட அவள் கையைத் தூக்கினாள்.

இதற்குமேல் நான் எழுதப் போவதில்லை. அறைகளின் அளவு உங்களுக்குத் தெரியும், அக்கா தங்கையையும் தெரியும். தூக்கிய கை அப்படியே நிற்கிறது. வண்டி தள்ளுகிறவர் கனத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பாவம், அவருக்கு யாராவது பதில் சொல்லுங்கள்.