முட்டுக்கடியில் துவர்த்து

சுந்தர்சிங்கின் வலது கால் முட்டுச்சிரட்டையைக் கம்பிப்பாரையால் அடித்து உடைத்தவன் அவனுடைய கூடப்பிறந்த அண்ணன் பெர்லின்தான். எல்லையில் நின்ற அயனி மரம் யாருக்கு என்று தொடங்கிய பேச்சு அப்படி முடிந்தது. தம்பி மண்ணில் கிடந்து துடிக்க, பெர்லின் மரத்தை அறுத்துக்கொண்டு போனான்.

போலீசிடம், "வழுக்கி விழுந்தேன்" என்றான் சுந்தர்சிங். அண்ணன் ஜெயிலுக்குப் போய்விட்டால் கைக்கு எட்டமாட்டானே. பெர்லினின் வீடு மேட்டில் இருந்தது, பதினான்கு படி. வெட்டுகத்தியோடு அவ்வளவும் ஏறுகிற பலம் காலுக்கு வரட்டும், அன்றைக்கு அண்ணனைக் கொல்வது என்று முடிவு செய்திருந்தான்.

தக்கலையில் பிசியோதெரபி பார்க்கிற ஜாஸ்மி, தலை துவட்டுகிற துவர்த்து ஒன்றைச் சுருட்டி அவன் முட்டுக்கு அடியில் வைத்தாள்.

"இதைக் கட்டிலோட சேத்து அமுக்கணும் அண்ணா. அஞ்சு எண்ணுகது வரை விடப்பிடாது."

அவன் அமுக்கினான். துவர்த்து அவனுக்கு பெர்லினின் தொண்டையாகத் தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, அந்தத் தொண்டை நசுங்கும்வரை அமுக்கினான். பிறகு காலை நீட்டியபடியே தூக்க வேண்டும். ஒவ்வொரு தூக்கலிலும் பெர்லினின் பல் உதிர்ந்தது.

"பத்து சொன்னா இருபது செய்யுதீங்க. இப்பிடியொரு ஆளை நான் கண்டதில்ல" என்றாள் ஜாஸ்மி.

சபையிலும் அவனுக்கு நல்ல பெயர். திருவிருந்து அப்பத்தை நின்றுகொண்டே வாங்கலாம் என்று போதகர் ஐயர் சொல்லியும், "முழங்கால் போடாம நான் வரல்ல ஐயரே" என்றுவிட்டான். கொலை நினைப்போடு அப்பத்தைத் தொடப் பயம். சபைக்கு அது எப்படித் தெரியும்? என்ன பக்தி என்று உருகியது. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில், அந்த முட்டு பலப்பட வேண்டுமென்று பெண்கள் கண்ணீர் விட்டார்கள். எல்லாரையும்விடக் கூடுதல் அழுதவள் பெர்லினின் மனைவி குளோரி.

ஏழாம் மாதம் முட்டு பலப்பட்டது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவன் பதினான்கு படியும் ஏறினான். முற்றத்துக் கொடியில் ரப்பர் ஷீட் விரித்துக்கொண்டிருந்த பெர்லின் திரும்பியதும் கத்தி இறங்கியது. கையைக் குறுக்கே கொடுத்ததால் கழுத்து தப்பியது. முன்கைச் சதை பிளந்தது. வெள்ளை ஷீட்டெல்லாம் ரத்தம்.

"ஏலே சிங்கு, நான் உனக்க அண்ணன்லே."

"அது பாரையைத் தூக்கும்போ தெரியல்லியா?"

பெர்லின் அவன் வயிற்றில் உதைத்தான். இருவரும் கட்டிப் புரண்டார்கள். ஈர ஷீட்டுகள் இழுபட்டு வாசல்வரை சிதறின. கடைசியில் பெர்லின் மல்லாந்து கிடந்தான். சுந்தர்சிங்கின் வலது முட்டு அவன் தொண்டையில் ஏறி அமுக்கியது. பெர்லினின் கண் பிதுங்கியது. கத்தி உயர்ந்தது.

உள்ளேயிருந்து ஓடிவந்த குளோரி வாசலில் கிடந்த ஈர ஷீட்டில் வழுக்கிக் கருங்கல் படியில் விழுந்தாள். முட்டெலும்பு கல்லில் இடிபடுகிற சத்தம். அதை அந்த ஊரில் அவனைப்போல அறிந்தவன் கிடையாது. அவள் எழுந்திருக்கக் காலை மடக்கப் பார்த்தாள்.

"மைனி, மடக்காதீங்க."

எப்போது பெர்லினை விட்டு எழுந்தான், கத்தி எங்கே விழுந்தது என்று அவனுக்கே தெரியாது. அவள் காலை மெல்ல நீட்டிவைத்து, தன் சட்டையைச் சுருட்டி முட்டுக்கு அடியில் அண்டை கொடுத்தான்.

"உயிரு போவுது சிங்கு."

"தெரியும் மைனி. ராத்திரிதான் கூடுதல் நோவும். தலையணை எப்பிடி வைக்கணும்னு நான் சொல்லித்தாறேன்."

பெர்லின் இருமிக்கொண்டே எழுந்தான். கத்தி அவன் காலடியில்தான் கிடந்தது. அதைத் தாண்டிப் போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"ரோட்டுக்கு எறக்கணும். பிடிப்பியாலே?"

"கையைக் காட்டு முதல்ல." சுந்தர்சிங் அண்ணனின் தோளில் கிடந்த துண்டை உருவி, வெட்டுக்காயத்தின் மேல் இறுக்கிக் கட்டினான்.

குளோரியை நாற்காலியில் இருத்தி, ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கினார்கள். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. கர்த்தர் சில வேளை மனசுக்குக் காத்திராமல் கையைத்தான் முதலில் பிடித்து இழுக்கிறார்.

ஆறாவது படியில் சுந்தர்சிங்கின் முட்டு தீயாகக் காந்தியது.

"அண்ணே, ஒரு நிமிசம் நில்லு."

பெர்லின் நாற்காலியின் பாரத்தைத் தன் பக்கமாகச் சாய்த்துக்கொண்டு நின்றான்.