அறுபது நொடி

முடிந்துபோன பேச்சுக்கு எதற்கு அறுபது நொடி துக்கம் என்று அன்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

சிறுசேரியில் நான் பார்த்துக்கொள்ளும் சர்வரிடம்தான் மீனவர்களின் போன்கள் கடல் எச்சரிக்கையைக் கேட்டு வாங்கும். ஒரு போன் கேட்டு முடித்து இணைப்பை மூடிய பிறகும், வழியில் தாமதமாக வரும் மிச்சம் மீதிக்காக அந்த இடத்தை சர்வர் இன்னும் ஒரு நிமிடம் பிடித்துவைக்கும். புயல் மாதம். மூடிய இணைப்புகள் ஆயிரக்கணக்கில் தேங்கி, புதிதாக வருபவர்களுக்கு இடமில்லாமல் போனது. மேனேஜர் ஜோஷ்வா என் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றார்.

அந்தப் பழைய சர்வரில் ஒரு செட்டிங் உண்டு. போட்டால் மூடிய இணைப்புகளைச் சட்டென்று துடைத்துவிடும். போட்டேன். தேக்கம் வடிந்தது. என் போனில் சோதித்தேன், சேதி வந்தது. ஜோஷ்வா முதுகில் தட்டினார்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. அந்த செட்டிங்கைப் பற்றிய குறிப்பை நான் முழுதாகப் படிக்கவில்லை. ஒரே இணைய முகவரியிலிருந்து பல போன்கள் வந்தால், சர்வர் எல்லாவற்றையும் ஒரே போன் என்று எடுத்துக்கொள்ளும். அவற்றில் கடிகாரம் மற்றதோடு ஒத்துப்போகாத போனின் அழைப்பைப் பழசு என்று பதிலே சொல்லாமல் தள்ளிவிடும்.

அப்படி ஒரே முகவரியில் இருப்பது யார்? மாமல்லபுரத்துக்குத் தெற்கே எங்கள் குப்பம்தான். டவர் சரியாக எடுக்காத இடம். ஏலக் கொட்டகையில் வைஃபை பெட்டி மாட்டிக் கொடுத்தவனே நான். நாற்பது போனும் அதன் ஒரே முகவரி வழியாகத்தான் போகும். “போன் கத்தினா போவாதீங்க, கத்தலன்னா தைரியமா போங்க” என்று ஊர்க்கூட்டத்தில் பெருமையாகச் சொன்னவனும் நான்தான்.

மறுநாள் விடியலில் சர்வருக்கு எச்சரிக்கை வந்தது. படகு இறக்கியவர்களின் போன் எதுவும் கத்தவில்லை. நாலு படகு போனது, மூன்று திரும்பியது. என் அக்கா புருஷன் பூவராகவன், துணைக்கு ஆள் வராமல் தனியாகப் போயிருந்தார். ஆறாம் நாள் சதுரங்கப்பட்டினம் பக்கம் படகு மட்டும் ஒதுங்கியது.

பத்தாம் நாள் அக்கா ரஞ்சிதாவின் எதிரில் உட்கார்ந்திருந்தேன்.

“போன்ல வட்டம் சுத்திக்கினே கீது, கொஞ்சம் இருந்து பாக்குறேன்னாருடா. நான்தான், என் தம்பி லோகு சொல்லிக்கிறான்ல, கத்தலன்னா போலாம்னேன். நான்தான்டா அனுப்சேன்.”

 செட்டிங்கை முன்பே எடுத்துவிட்டேன், வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் இவள் சாகும்வரை இதைச் சுமப்பாள்.

“இல்லக்கா. சர்வர்ல நான் ஒண்ண மாத்தினேன். அதான் உங்க போனுக்குச் சேதி வரல. மாமா எவ்ளோ நேரம் நின்னிருந்தாலும் வந்திருக்காது.”



“அப்ப நான் அனுப்பலயே?”

“நீ அனுப்பலக்கா.”

பத்து நாளில் முதல்முறையாக வாய்விட்டு அழுதாள். தோளைத் தொடப் போனேன். கையைத் தட்டிவிட்டாள்.

“வூட்ட வுட்டுப் போ லோகு,” என்றாள்.

போனேன்.