பாஸ்டர் வெண்டெல் கூரையாக இருந்த மழைக்காலம்

ஜூலை மாதத்தில் அமெரிக்காவிலிருந்து வருகிற சபைக்காரர்கள், வந்த மூன்றாம் நாளிலிருந்து தரையை விட்டு எழும்பத் தொடங்குவார்கள். சுயாபாக் என்கிற மலையூரில் இது எல்லோருக்கும் தெரியும். முதல் நாள் நம்மைப் போலவே நடப்பார்கள். மலைச்சரிவில் மூச்சு வாங்குவார்கள், குதிகாலில் கொப்புளம் வரும். இரண்டாம் நாள் அவர்களுடைய காலடி மண்ணில் லேசாகத்தான் பதியும். மூன்றாம் நாள் காலை, பள்ளிக்கூட முற்றத்தில் பிள்ளைகளுக்குப் பல் துலக்கும் பிரஷ் கொடுத்துக்கொண்டிருக்கும்போது, அவர்களுடைய காலணிக்கும் புல்லுக்கும் நடுவே ஒரு கோழிக்குஞ்சு தலை குனியாமல் நுழைந்து போகும். அவர்களுக்கு இது தெரிவதில்லை. மலைக்காற்று உடம்புக்கு நல்லது என்பார்கள். மாலையில் கிதார் வாசித்துக் கண்ணீர் விடும்போது, ஆவியானவர் தங்களைத் தாங்குகிறார் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். ஊரார் அதை மறுத்ததில்லை. ஊரில் ஏற்கனவே நான்கு சபைகள் இருந்தன. மூன்றில் ஒலிபெருக்கி உண்டு. ஞாயிற்றுக்கிழமை எந்தப் பக்கம் செவி சாய்ப்பது என்று கர்த்தரே திணறுகிற இடத்துக்குக் கர்த்தரை அறிமுகப்படுத்த இவ்வளவு தூரம் வருகிறவர்களிடம் அதைச் சொல்வது மரியாதையாக இருக்காது.

எழும்புவதற்கான காரணமும் ஊருக்குத் தெரியும். அங்கே சாப்பிட்டு முடித்தால், சுற்றி இருக்கும் ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லி நன்றி சொல்ல வேண்டும். சமைத்தவளுக்கு, பக்கத்தில் இருந்தவனுக்கு, மடியில் தூங்கிப்போன குழந்தைக்கும்கூட. அவர்களும் பெயர் சொல்லித் திருப்பிச் சொல்வார்கள். இவ்வளவு நன்றி புழங்கியும் ஊரில் ஒருவரும் பறந்துவிடாததற்குக் காரணம், வாங்கியதை அங்கேயே கொடுத்துவிடுவதுதான். விருந்தாளிகள் வாங்கிக்கொள்வார்கள், கையை ஆட்டிப் "பரவாயில்லை, பரவாயில்லை" என்பார்கள், திருப்பிச் சொல்லமாட்டார்கள். கொடுக்க வந்தவர்கள் எதற்கு நன்றி சொல்வது என்று நினைத்தார்களோ என்னவோ. வாங்கியதெல்லாம் உள்ளே தங்கி அவர்களை மேலே கொண்டுபோயிற்று. அதனால் ஜூலை பிறந்தால் கன்றுக்குட்டி கட்டுகிற கயிற்றுக்கு ஊர்க் கடையில் விலை ஏறும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. விருந்தாளி தொட்ட வேலையை விருந்தாளிதான் முடிக்க வேண்டும். நடுவில் ஊரான் கை வைத்தால், நீ செய்தது போதவில்லை என்று அவன் முகத்துக்கு நேரே சொன்னதாகிவிடும். பள்ளிக்கூடத்தின் ஒரு சுவர் மட்டும் நீலமாக இருப்பதும், நான்கு வருஷமாக ஒரு கழிப்பறை கதவில்லாமல் நிற்பதும் இதனால்தான். விளையாட்டுத் திடலில் ஒரு சறுக்குமரம் இருக்கிறது. அதில் ஏறப் படி வைப்பதற்குள் வந்தவர்களுக்கு விமானம் பிடிக்கும் நாள் வந்துவிட்டது. பிள்ளைகள் அதைக் கீழிருந்து பார்த்துக்கொள்கிறார்கள்.

மிக்காயெலா இஷ்கோயின் வீடு இடிக்கப்பட்டது இந்த வழக்கத்தில் சேர்த்தியில்லாத புது விஷயம். கணவன் காப்பித் தோட்டத்து லாரி கவிழ்ந்து செத்த பிறகு, இரண்டு பெண்பிள்ளைகளோடு அவள் இருந்த மண்சுவர் வீடு அது. ஓட்டுக்கூரை ஒரு மூலையில் ஒழுகும். அந்த மூலையில் அவள் ஒரு பானையை வைத்திருந்தாள், அவ்வளவுதான் குறை. பாஸ்டர் வெண்டெல், பாம் என்ற அம்மையாருடனும் ஒரு பேருந்து நிறைய இளைஞர்களுடனும் வந்த வருஷம், அந்தப் பானையைப் பார்த்து மனம் உருகினார். உங்களுக்குப் புது வீடு வேண்டுமா என்று கேட்டார். விருந்தாளியிடம் இல்லை என்று சொல்லக்கூடாது. அவள் "ஆண்டவர் சித்தம்" என்றாள். ஆண்டவருடைய சித்தம் தமக்கு முன்பே தெரியும் என்பதால் பாஸ்டர் மறுநாளே கடப்பாரை கொண்டுவரச் சொன்னார்.

இடிப்பதற்குப் பழக்கம் தேவையில்லை. மதியத்துக்குள் முடிந்துவிட்டது, அந்த ஒரு வாரத்தில் அவர்கள் முழுசாக முடித்த ஒரே வேலை அதுதான். கட்டுவது மெதுவாக நடந்தது. மூன்றாம் நாளுக்குப் பிறகு பாதிப்பேருக்குக் கல் எடுக்கத் தரை எட்டவில்லை. சுவர் இடுப்புயரம் வந்தபோது வாரம் முடிந்தது. ஜூலையில் மழை கொஞ்சம் ஓய்ந்திருக்கும்; அந்த ஊரில் மழை பெய்யும் என்பதே அவர்களுக்குத் தெரியாது. மீதியை அடுத்த ஜூலையில் முடிக்கலாம் என்று மிக்காயெலாவைக் கட்டிப்பிடித்துச் சொன்னார்கள்.

கடைசி நாள் பிரிவுபசாரத்தில்தான் அது நடந்தது. இளைஞர்களின் முதுகுப் பைகளில் ஆற்றுக் கற்களைப் போட்டுவைத்ததால் அவர்களைப் பற்றிக் கவலை இல்லை. பாஸ்டர் பை மாட்டாமல், நாங்கள் உங்களுக்குச் செய்தது ஒன்றுமில்லை என்று பேசி முடித்து, வரிசையில் வந்த ஊரார் எல்லோருடைய நன்றியையும் தனியாக நின்று வாங்கிக்கொண்டார். பாதி வரிசை தாண்டும் முன்பே அண்ணாந்துதான் அவருக்கு நன்றி சொல்ல வேண்டியிருந்தது. ஊர்த்தலைவர் தியேகோ தும், தன் கன்றுக்குட்டியின் கயிற்றைச் சுருக்குப் போட்டு வீசிக் கணுக்காலில் மாட்டியிராவிட்டால் அவர் பைன் மரங்களைத் தாண்டியிருப்பார். இளைஞர்கள் இழுத்துப் பார்த்தார்கள். இழுத்தவர்களும் சேர்ந்து எழும்பினார்கள். பேருந்து ஓட்டுநர் ஹாரன் அடித்தான். பாம் அம்மையார் கண்ணை மூடி ஜெபித்தார். அடுத்த ஜூலையில் ஓர் ஏணி கொண்டுவருவதாகக் கூறிப் பேருந்தில் ஏறிக்கொண்டார்.

"இவரை எங்கே கட்டறது?" என்றார் தியேகோ, கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு.

"என் சுவத்துல கட்டுங்கண்ணே. என் வீட்டுக்குத்தானே வந்தாரு" என்றாள் மிக்காயெலா.

"சுவரு தாங்குமா?"

"கூரையைத்தான் தாங்கல. ஆளையாவது தாங்கட்டும்."

ஆகஸ்டில் மழை திரும்பியது. அவளும் பிள்ளைகளும் ஒரு வருஷத்துச் சோளமும் அந்த இடுப்புயரச் சுவருக்குள் இருந்தார்கள். சோளம் நனைந்தால் பூசணம் பிடிக்கும். பிடித்தால் அடுத்த அறுவடை வரைக்கும் சாப்பிட ஒன்றுமில்லை. சபைக்காரர்கள் விட்டுப்போனவற்றில் பெரியது ஒரு பிளாஸ்டிக் பதாகை. மலைச்சரிவு அகலத்துக்குச் சிரிக்கிற முகங்களும், அன்பின் கரங்கள் என்ற எழுத்தும் அதில் இருந்தன. மிக்காயெலா அதன் நடுவைக் கழியால் பாஸ்டருக்கு நீட்டிக் கொடுத்தாள், நான்கு மூலைகளையும் சுவரில் கட்டினாள். அவர் அதைப் பிடித்துக்கொண்டு மேலே நின்றார். அதுதான் கூரை. மிக்காயெலாவின் வீடு அந்த மழைக்காலத்தில் ஒரு சொட்டும் ஒழுகவில்லை.

கழியின் நுனியில் துணிப்பை கட்டி அவருக்குச் சாப்பாடு போகும்: சோள ரொட்டி, கறுப்புப் பயறு, ஞாயிறானால் ஒரு முட்டை. தியேகோவின் கடையில் மின்னேற்றிய அவருடைய கைப்பேசியும் அதே பையில் போகும். ஊழியம் உயர்ந்த நிலையில் தொடர்கிறது என்று அவர் தம் சொந்த ஊருக்குச் சொன்னார். ஒரு விதவைக்காகப் பாஸ்டர் அங்கேயே தங்கிவிட்டார் என்று அவருடைய சபையார் பெருமைப்பட்டு, அவர் முகம் பெரிதாக அச்சிட்ட இன்னொரு பதாகையை அனுப்பிவைத்தார்கள். அது அடுப்படியின் மேல் போடச் சரியாக இருந்தது.

முதல் சங்கடம் செப்டம்பரில் வந்தது. ஒரு நாள் சாப்பிட்டு முடித்த பாஸ்டர் மேலிருந்து, "சகோதரி, ரொம்ப நன்றி" என்றார். ஒரு சாண் இறங்கினார். கூரையும் ஒரு சாண் இறங்கியது. பதாகையில் தண்ணீர் தேங்கி வயிறு தள்ளியது. மிக்காயெலா பதறி, "நாங்கதான் நன்றி சொல்லணும் பாஸ்டர், நாங்கதான்" என்று மூன்று தரம் சொன்ன பிறகே அது மீண்டும் விறைத்தது. அன்றிலிருந்து அவள் அவரைச் சாப்பிட்டு முடிக்க விடுவதில்லை. கடைசிக் கவளம் அவர் வாயில் இருக்கும்போதே முந்திக்கொள்வாள். பிள்ளைகளையும் பழக்கினாள். பள்ளிக்குப் போகும் முன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை. கறுத்த மேகம் வந்தால் தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போகச் சொல்வாள்.

தியேகோவுக்கு இது பிடிக்கவில்லை. "பாவம் மிக்காயெலா. மின்னல் வெட்டுது, மனுசன் நடு ஆகாசத்துல நிக்கிறாரு."

"அப்போ ஊரு சேர்ந்து சுவத்தை ஏத்திக் கொடுங்க, நான் இறக்கிவிடறேன்."

"விருந்தாளி தொட்ட வேலை. அவர் இங்க இருக்கும்போதே எப்படிக் கை வைக்கிறது?"

"அவரும் முடிக்கமாட்டாரு, நீங்களும் தொடமாட்டீங்க. நான் என்ன, சோளத்தை நனைய விட்டுட்டு செத்துடவா?"

தியேகோ தொப்பியைக் கழற்றிப் பார்த்துவிட்டு மறுபடியும் போட்டுக்கொண்டார்.

மேலே இருப்பவருக்குப் பேச ஆள் கிடையாது. முதல் மாதம் பாஸ்டர் காலையும் மாலையும் பிரசங்கம் செய்தார்; நான்காவது ஒலிபெருக்கி என்று ஊர் நினைத்துக்கொண்டது. (ஊரில் அதுவரை மூன்றுதான்.) இரண்டாம் மாதம் குரல் குறைந்தது. பிறகு அவர் பார்த்துக்கொண்டிருந்தார். மேலிருந்து ஊர் முழுவதும் தெரியும். யார் வீட்டில் அடுப்பு முதலில் புகைகிறது, யார் யாருக்கு விறகு கொண்டுபோகிறார்கள், கீழே வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் முடித்ததும் ஒவ்வொருவராகத் திரும்பி என்ன சொல்லிக்கொள்கிறார்கள் என்பதெல்லாம் தெரியும். தனக்கு வருகிற நன்றியில் சத்தம் இருக்கிறது, பெயர் இல்லை என்பதையும் அவர் கவனித்திருக்க வேண்டும். அவர்களுக்கு அவர் பாஸ்டர் மட்டும்தான். அவரும் அவளைச் சகோதரி என்றுதான் கூப்பிட்டார். அவருடைய ஊர்ச் சபையில், திரையில் அவள் படத்தின் கீழே எங்கள் விதவை என்று எழுதியிருந்தார்கள்.

அக்டோபரில் ஒரு மதியம், மழைக்கு முந்தின வெளிச்சத்தில், அவர் சாப்பாட்டுப் பையை வாங்கிப் பிரிக்காமல் வைத்துக்கொண்டார்.

"எனக்கு இறங்கணும்" என்றார்.

மிக்காயெலா சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தாள். "மழை முடியட்டும் பாஸ்டர்."

"என் காலெல்லாம் மரத்துப்போச்சு."

"தெரியும்."

"நீங்க எனக்கு நன்றி சொல்றது நன்றிக்காக இல்லைன்னு எனக்குத் தெரியும், சகோதரி."

"நீங்க வீடு கட்டித் தரேன்னதும் வீட்டுக்காக இல்ல" என்றாள் அவள், தலையைத் தூக்காமல். பிறகு கேட்டாள்: "என் பேரு என்னன்னு சொல்லுங்க பாக்கலாம்."

மேகம் சரிவைத் தாண்டி வந்து நின்றது. "தெரியாது" என்றார். அந்த ஊரில் அவர் அதுவரை சொல்லாத வார்த்தை அது. "என்ன பேரு?"

சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். பெயர் சொல்லி நன்றி சொல்லத் தெரிந்தவன் விருந்தாளி இல்லை, வட்டத்தில் ஒருவன். அவன் தொட்ட வேலையை ஊர் தொடலாம். ஆனால் முதலில் அவன் இறங்க வேண்டும். கூரை இறங்க வேண்டும். மழை மேலே நின்றுகொண்டிருந்தது. ஊர் வரும் என்று யாரும் அவளுக்கு எழுதிக் கொடுக்கவில்லை. அவள் சோளக் குவியலைப் பார்த்தாள், மூத்தவளின் முதுகைப் பார்த்தாள். பிறகு சின்னவளிடம், "போய் தியேகோ மாமாவையும் மத்தவங்களையும் சாப்பிடக் கூப்பிட்டுட்டு வா" என்றாள்.

வந்தவர்கள் வட்டமாக உட்கார்ந்தார்கள். இருந்ததெல்லாம் பயறும் ரொட்டியும். பாஸ்டர் மேலே அதையே சாப்பிட்டார். முடிந்ததும் யாரும் முந்திக்கொள்ளவில்லை. அவர் ஒவ்வொருவராகப் பெயர் கேட்டார். தியேகோ, நன்றி. ஒரு முழம் இறங்கினார். தொமாசா, நன்றி. லூர்தெஸ், நன்றி, அது யாருடைய குழந்தை, அவன் பெயர் என்ன, பாஸ்குவால், நன்றி. பதாகை சுவரில் மடிந்து விழுந்து சோளத்தைப் பாதி மூடியது. கடைசியில் அவருடைய பாதம் மண்ணுக்கு ஒரு விரல் மேலே நின்றுவிட்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை.

"மிக்காயெலா" என்றாள் அவள். "மிக்காயெலா இஷ்கோய்."

"மிக்காயெலா இஷ்கோய், நன்றி" என்றார். கால் மடங்கிச் சேற்றில் உட்கார்ந்தார்.

"கயித்தை அவுத்துக் கொடுங்க" என்றார் தியேகோ. "கன்னுக்குட்டி மூணு மாசமா ஊரு மேயுது."

அன்று மாலை மழை கொட்டியது. சோளத்தின் மேல் பதாகையைப் போர்த்தி, பதாகையின் மேல் அவளும் பிள்ளைகளும் பாஸ்டரும் நான்கு மூலையில் உட்கார்ந்து நனைந்தார்கள். ஒரு மூலைச் சோளம் கெட்டுப்போனது, மீதி தப்பியது. விடிந்தபோது சுவருக்கு வெளியே தியேகோ மண் குழைத்துக்கொண்டிருந்தார். பைன் உத்தரம் ஒன்று வந்தது, பிறகு இன்னொன்று. இடித்த நாளில் தொமாசா ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தன் வீட்டுக்குப் பின்னால் அடுக்கிவைத்திருந்த பழைய ஓடுகள் வந்தன. கீழே விருந்தாளிகளின் சிமெண்டுக் கல், மேலே ஊரின் மண் என்று சுவர் ஏறியது. பாஸ்டர் மண் சுமந்தார். பாதி வழியிலேயே கொட்டினார், செங்குத்தில் வழுக்கி விழுந்தார், எழுந்து மறுபடியும் சுமந்தார். வேலை முடியும்வரை அவருக்கு ஒருவரும் நன்றி சொல்லவில்லை. எதற்கு வம்பு என்று எல்லோரும் ஜாக்கிரதையாக இருந்தார்கள். ஒழுகுகிற மூலை பழைய இடத்திலேயே அமைந்தது; மிக்காயெலா பானையைக் கொண்டுவந்து வைத்தாள்.

நவம்பரில் பாஸ்டர் கோழிகளோடு சாதாரணப் பேருந்தில் ஏறிப் போனார். ஏறும் முன் ஓட்டுநரின் பெயரைக் கேட்டதாகச் சொல்கிறார்கள்.

அடுத்த ஜூலையில் பாம் அம்மையார் சொன்ன சொல் தவறாமல் ஏணியோடு வந்து இறங்கினார். பாஸ்டர் தங்கள் ஊருக்குத் திரும்பியதிலிருந்து ஒரு மாதிரியாகிவிட்டார், மேடை ஏற மறுத்து பின்னால் நாற்காலி அடுக்கிக்கொண்டிருக்கிறார் என்று வருத்தப்பட்டார். மிக்காயெலாவின் வீட்டைச் சுற்றிப் பார்த்தார், தங்கள் கட்டடம் எவ்வளவு உறுதியாக நிற்கிறது என்று இளைஞர்களுக்குக் காட்டினார், உள்ளே போய்ப் பானையைப் பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்தார். மிக்காயெலா கதவுக்குக் குறுக்கே வந்து நின்றாள். விருந்தாளியிடம் இல்லை என்று சொல்லக்கூடாது என்பதால் அவள் ஏணிக்கு நன்றி சொன்னாள். பிள்ளைகள் சொன்னார்கள். தெருவில் போனவர்கள் எல்லோரும் வரிசையாக வந்து நின்று சொன்னார்கள். பாம் அம்மையார் கையை ஆட்டிக்கொண்டே கூரை ஓட்டைத் தாண்டி மேலே எழும்பினார். ஏணியைச் சாத்திப் பார்த்தார்கள், எட்டவில்லை. தியேகோ கன்றுக்குட்டியை அவிழ்த்து விட்டுவிட்டுக் கயிற்றை எடுத்துக்கொண்டு வந்தார்.

ஏணி இப்போதும் மிக்காயெலா வீட்டுச் சுவரில்தான் சாய்ந்திருக்கிறது. பொழுது சாய்ந்தால் கோழிகள் அதில் ஏறி அடைகின்றன.