வீடு மந்திரிக்க வந்தவர்கள்

ஹார்ல்சன் மோட்டார் கம்பெனியின் பொன்விழாப் புத்தகம் நேற்றுத் தபாலில் வந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற எல்லோருக்கும் ஒன்று அனுப்புகிறார்களாம். வழவழப்பான தாள், பக்கத்துக்குப் பக்கம் படம். மாட்டுக் கொட்டகையில் சைக்கிள் சக்கரம் மாட்டிச் செய்த முதல் கார், அதன் மேல் உட்கார்ந்து மீசை முறுக்கும் முதலாளி ஹார்ல்சன், முதல் ஆறு சிலிண்டர் வண்டி என்று எல்லாம் வரிசையாக இருக்கிறது. அந்த முதல் கார் பின்னால் போகாது என்பதை மட்டும் எழுதவில்லை. கொட்டகைக்குள் விட்டால் நாலு பேர் இழுத்துத்தான் வெளியே எடுக்க வேண்டும்.

அதைப் படித்துச் சிரித்துக்கொண்டே வந்தவன், ஓரிடத்தில் அப்படியே நின்றுவிட்டேன். "அந்நாட்களில் எங்கள் ஊழியர் நலத் துறையினர் தொழிலாளர்களின் இல்லங்களுக்கே சென்று, குடும்பத்தாருடன் அன்போடு அளவளாவினர்." அளவளாவினார்களாம்! எழுதினவன் எந்த வீட்டிலும் இருந்திருக்க மாட்டான். நான் இருந்தேன்.

1915, ஜனவரி. டெட்ராய்டில் எங்கள் போலந்துக்காரர்கள் தெருவில் இக்னாசி வீட்டில் நான் தங்கியிருந்தேன். அவனும் ஹார்ல்சனில்தான், பகல் ஷிப்ட். நான் இரவு ஷிப்ட். இரண்டு அறை, ஒரு சமையலறை. அதில் இக்னாசியும் அவன் மனைவி பார்பராவும் போக, காசு கொடுத்துத் தங்கும் நாங்கள் நாலு பேர். நாலு பேருக்கு இரண்டு கட்டில். இரவு வேலைக்காரன் வீடு திரும்பும்போது பகல் வேலைக்காரன் எழுந்து போயிருப்பான், படுக்கை சூடாகவே கிடைக்கும்.

கம்பெனிக்கு இது ஆகாது. ஓடும் பட்டையின் முன்னால் நின்று நாள் முழுக்க ஒரே நட்டை முடுக்குவது யாருக்கும் பிடிக்கவில்லை. வந்தவன் வந்த வேகத்தில் ஓடினான். ஆளை நிறுத்த முதலாளி கூலியை இரட்டிப்பாக்கினார், கூடவே ஒரு கொக்கியும் போட்டார். ஒழுக்கமாக வாழ்கிறவனுக்குத்தான் இரட்டைக் கூலி. குடி கூடாது, வீட்டில் வெளியாள் தங்கக் கூடாது, முறையான கல்யாணம் இருக்க வேண்டும், இங்கிலீஷ் கற்க வேண்டும். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று வீடு வீடாகப் பார்க்க ஆள் வருவான். பொய் சொன்னது தெரிந்தால் சீட்டு கிழிந்துவிடும்.

அதனால் நாங்கள் நாலு பேரும் கம்பெனிக் கணக்கில் இக்னாசியின் தம்பிகள். ஒருவன் செம்பட்டை, ஒருவன் கறுப்பு, ஒருவன் ஆறடி, நான் இப்படி. ஆளுக்கொரு குடும்பப் பெயர் வேறு. "எப்படிப்பா நாலும் நாலு விதமா இருக்கு?" என்று போர்மன் கேட்டபோது இக்னாசி அசரவில்லை. "எங்க அம்மா நாலு புருஷனைப் புதைச்சவ சார். அஞ்சாவது ஆள் பயந்து ஓடிட்டான்" என்றான். போர்மன் சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

பார்பராவுக்கு இந்தப் பொய் பிடிக்காது. ஊரிலிருந்து வந்து ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. இக்னாசி கல்யாணம் முடித்த மூன்றாம் மாதமே கப்பல் ஏறி, ஆறு வருஷம் கழித்து டிக்கெட் அனுப்பி வரவழைத்தவள். முட்டைக்கோஸ் சூப் வைத்தால் தெருவே மூக்கை நீட்டும். நாங்கள் எல்லோரும் அவளை அண்ணி என்றுதான் கூப்பிடுவோம். பொய்க்காக ஆரம்பித்த பேச்சு, பிறகு நிஜமாகவே ஒட்டிக்கொண்டது.

கிறிஸ்துமஸ் முடிந்த நாளிலிருந்து அவள் நிலைகொள்ளாமல் இருந்தாள். ஜனவரியில் பங்குச் சாமியார் வீடு வீடாக வந்து தீர்த்தம் தெளித்து மந்திரிப்பது எங்கள் வழக்கம். போன வருஷம் மூட்டுவலியால் அவர் வராமல், முன்பின் பார்க்காத வேறு கோவில் சாமி ஒருவர் கோட்டும் தொப்பியுமாக வந்து மந்திரித்தார். இந்த வருஷ மந்திரிப்புக்காகத் தவித்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, கோவில்ல சொல்லாத பாவத்தை வீட்ல வெச்சு சாமிகிட்ட சொன்னா மன்னிப்பு உண்டா?" என்று ஒரு நாள் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே கேட்டாள்.

"கோவில்லயே சொல்லலாமே அண்ணி."

"அங்க பின்னாடியே நம்ம ஊர்க்காரிங்க வரிசையில நிக்கிறாளுங்க. காது ஒவ்வொண்ணும் முறம் மாதிரி."

"அப்படி என்ன பாவம்? என் சூப்புல உப்பக் கூட்டினதா?"

அவள் சிரிக்கவில்லை. "இந்த வருஷம் சொல்லியே ஆகணும். இல்லன்னா இந்த வீடு நிக்காது" என்றாள். இக்னாசியும் அதைக் கேட்டுக்கொண்டே குனிந்து பூட்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தான். புருஷன் பெண்டாட்டி விஷயம், நமக்கென்ன என்று விட்டுவிட்டேன்.

சாமியார் எங்கள் தெருவுக்கு வரும் நாளும் வந்தது. நான் வேலை முடிந்து வந்தபோது மேசையில் வெள்ளைத் துணி, சிலுவை, இரண்டு மெழுகுவத்தி, தீர்த்தக் கிண்ணம். கசகசா ரொட்டி வேறு. "சாமி வந்தா எழுப்புங்க, முழங்கால் போடணும்" என்று சொல்லிவிட்டுத் திரைக்குப் பின்னால் போய்ப் படுத்தேன்.

கதவு தட்டும் சத்தத்தில் பாதி விழிப்பு வந்தது.

"இயேசு கிறிஸ்துவுக்குத் தோத்திரம் சாமி!" அது அண்ணியின் குரல். முழங்கால் தரையில் படும் சத்தம் கேட்டது.

"என்றென்றைக்கும், ஆமென்" என்றது ஓர் ஆண் குரல், நல்ல போலிஷ் மொழியில்.

பிறகு கேள்விகள் வந்தன. வீட்டில் எத்தனை பேர்? கோவிலுக்குப் போகிறீர்களா? கணவர் குடிப்பாரா? அடிப்பாரா? சம்பளத்தை வீட்டில் கொடுக்கிறாரா? வருஷா வருஷம் சாமியார் கேட்கும் அதே கேள்விகள். காலடிச் சத்தத்தில் இரண்டு பேர் என்று தெரிந்தது. சாமியாரோடு ஆர்கன் வாசிப்பவர் வருவதுதான் வழக்கம், சந்தேகமே வரவில்லை. அந்த இன்னொருவர் மட்டும் வாயே திறக்காமல் அலமாரியைத் திறந்தார், சூப்புச் சட்டியின் மூடியைத் தூக்கினார்.

"பெரிய சாமிக்குப் பசிக்குது போல. ரொட்டி எடுத்துக்கங்க சாமி" என்றாள் அண்ணி.

நான் எழுந்திருக்கப் பார்த்தேன். பாழாய்ப்போன காற்சட்டை கொடியில் தொங்கியது. அதற்குள் அவள் பேச ஆரம்பித்துவிட்டாள்.

"உங்ககிட்டப் பொய் சொல்ல மாட்டேன் சாமி. இந்த நாலு பேரும் தம்பிங்க இல்ல. காசுக்குத் தங்கறவங்க. கம்பெனிக்காகச் சொன்ன பொய். தங்கமான பசங்க, அவங்க மேல பாவத்தப் போடாதீங்க."

"சரி. மேலே சொல்லுங்க" என்றது அந்தக் குரல்.

"இன்னொண்ணு இருக்கு சாமி. எப்படிச் சொல்றதுன்னு தெரியல." தீர்த்தக் கிண்ணத்தை நகர்த்தி வைக்கும் சத்தம் கேட்டது. "நான் பார்பரா இல்ல."

கொடியை நோக்கி நீட்டிய கையை நான் இழுத்துக்கொண்டேன்.

"பார்பரா எங்க அக்கா. டிக்கெட் வந்தப்ப அவ காய்ச்சல்ல கெடந்தா, பத்து நாள்ல போய்ட்டா. டிக்கெட் வீணாப் போயிடும்னு அம்மா அவருக்கு எழுதவே விடல. அக்கா பேர்லயே என்னை ஏத்தி அனுப்பிட்டாங்க. என் பேரு ரோசாலியா. டேஷன்ல என்னைப் பாத்ததும் அவர் தொப்பியக் கழட்டினாரு சாமி. நான் ஒண்ணுமே சொல்லல. அக்கா இல்லன்னு அதுலயே அவருக்குப் புரிஞ்சுது. அங்கயே நின்னு அழுதாரு. அப்புறம் என் பெட்டியத் தூக்கிக்கிட்டு நடந்தாரு. நானும் பின்னாடியே வந்தேன்."

ஒன்றரை வருஷம் அவள் கையால் சாப்பிட்டிருக்கிறேன். ஒருநாளும் தெரியவில்லை. அவளைப் பார்த்து ஊர்க்காரிகள் "நீ ரொம்ப மாறிட்டே பார்பரா" என்று சொன்னதெல்லாம் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"அவரு நல்லவரு. ரொம்ப நாள் அடுப்படியிலதான் படுத்தாரு. அப்புறம் இப்படி ஆயிடுச்சு. இப்ப வயித்துல ஒண்ணு இருக்கு. அது பொறக்கறதுக்குள்ள எங்களுக்குக் கல்யாணம் பண்ணி வெச்சிடுங்க சாமி. மச்சினியக் கட்டிக்க மேல எழுதி அனுமதி வாங்கணுமாமே. வாங்கிக் குடுங்க. யாருக்கும் தெரியாம, விடியக்காலத்துல, ஒரு மெழுகுவத்தி போதும்."

அவள் அழுதாள். அடுத்தவர் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்கிறோமே என்று நான் தலையணையைக் காதில் அமுக்கிக்கொண்டேன். அமுக்கிய காதுக்குள்ளும் அடுத்த சத்தம் வந்து விழுந்தது. இதுவரை பேசாதவர் பேசினார். இங்கிலீஷில்.

"இவள் என்ன சொல்கிறாள், குலிக்?"

குலிக்! கம்பெனியின் மொழிபெயர்ப்பாளன். எங்கள் ஆள்தான், எங்கள் ஊர்ப் பக்கம் பிறந்தவன்தான். "இயேசுவுக்குத் தோத்திரம்" என்று சொன்னால் எந்தப் போலந்துக்காரனுக்கும் "ஆமென்" தானாக வாயில் வந்துவிடும், திருடனுக்கும் வரும். அந்த ஓர் ஆமெனை நம்பி அவள் நெஞ்சைத் திறந்துவிட்டாள். அவள் சாமி என்று கூப்பிட்டபோதே "நான் சாமி இல்லம்மா" என்று சொல்ல அவனுக்கு நாக்கு இல்லையா? கேட்கக் கேட்கக் கறக்க வசதியாக இருந்தது, கறந்தான்.

 கம்பெனி இங்கிலீஷ் வகுப்பில் "நான் எழுகிறேன், நான் முகம் கழுவுகிறேன்" என்ற அளவுக்கே படித்திருந்த எனக்கும் அவன் சொன்னதெல்லாம் புரிந்தது.  தொண்டையைச் செருமிக்கொண்டான். பிறகு சொன்னான். ஒன்று விடாமல் சொன்னான். தம்பிகள் இல்லை. மனைவி இல்லை. பெயரும் பொய். கர்ப்பம்.

"கடவுளே" என்றான் துரை. அவன் பெயர் மிஸ்டர் டாட். மெல்லிய குரல், கோபமே இல்லை. "அவளுக்கு நம் பிரசுரத்தைக் கொடு."

போகிறபோது ஒவ்வொரு வீட்டுக்கும் கொடுக்கும் தாள் அது. தினமும் பல் துலக்குங்கள், வாரம் ஒருமுறை குளியுங்கள் என்று போட்டு, தொட்டியில் ஒரு ஆள் குளிக்கும் படம் இருக்கும். சாமியார் மந்திரித்து முடித்ததும் வீட்டுக்கு ஒரு புனிதர் படம் கொடுப்பார். திரை ஓரமாகப் பார்த்தேன். அவள் அந்தக் குளியல் தொட்டித் தாளை இரண்டு கையாலும் வாங்கி முத்தமிட்டாள்.

அவர்கள் வெளியே போன பிறகு காற்சட்டையை மாட்டிக்கொண்டு ஓடி வந்தேன். அவள் முகம் கழுவிவிட்டது போலத் தெளிவாக இருந்தது.

"கேட்டியா தம்பி? கேட்டிருந்தா பரவால்ல. பாரம் எறங்கிடுச்சு. பெரிய சாமி இங்கிலீஷ்காரரு போல, ரொம்ப சாந்தமானவரு, ஒரு வார்த்தை திட்டல. தீர்த்தம் தெளிக்கத்தான் மறந்துட்டாங்க."

"அண்ணி, அது சாமி இல்ல."

"ஆர்கன்காரரா?"

"கம்பெனி ஆளுங்க. வீடு பாக்க வந்தவங்க."

அவள் சிரித்தாள். "போடா, கிண்டல் பண்றதுக்கு நேரம் காலம் இல்லையா? ஆமென் சொன்னாரே!"

நான் தாளைத் திருப்பி, அடியில் அச்சடித்திருந்த ஹார்ல்சன் கார் சின்னத்தைக் காட்டினேன். எழுத்துத் தெரியாவிட்டாலும் அந்தச் சின்னத்தை அவளுக்குத் தெரியும். இக்னாசியின் வேலைச் சட்டையில் அதைத்தான் வாராவாரம் துவைத்தாள். பார்த்தாள். உதட்டைப் புறங்கையால் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள், தோல் சிவக்கும் வரை துடைத்துக்கொண்டே இருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

"அவர் வேலை போயிடுமா?"

நான் தாளை நாலாக மடித்துப் பையில் செருகினேன்.

"திருப்பி அனுப்பிடுவாங்களா என்னை?"

"தெரியல அண்ணி. ஆனா சாமியார் இன்னைக்குத்தான் வராரு. நெஜச் சாமியார். அவர்கிட்ட இப்பவே சொல்லிடுங்க. கோவில் கல்யாணச் சீட்டு கையில இருந்தா, கம்பெனிக்காரன் வாயடைக்கலாம்." நான் கெஞ்சினேன். அது ஒன்றுதான் வழி என்று அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன்.

அவள் மெழுகுவத்திகளை மறுபடி ஏற்றினாள். துரை கடித்து வைத்துவிட்டுப் போன ரொட்டித் துண்டை எடுத்து அடுப்பில் போட்டாள்.

மத்தியானம் தெருவில் மணிச் சத்தம் கேட்டது. தீர்த்தச் செம்போடும் ஆர்கன்காரரோடும் வந்தார், அங்கிக்கு மேல் கம்பளிக் கோட்டு போட்ட எங்கள் பங்குச் சாமியார். வயதானவர், மூட்டுவலிக்காரர், யாரையும் கடிந்து பேசத் தெரியாதவர். நான் முழங்காலிட்டேன். அவளும் முழங்காலிட்டாள். ஆனால் அவர் கையைப் பிடித்து முத்தமிடும் முன் அந்தக் கையை உற்றுப் பார்த்தாள்.

"வீட்ல எத்தனை பேரு மகளே?"

"நானும் அவரும். அவர் தம்பிங்க நாலு பேரு."

 அவள் பக்கம் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"உன் பேரு?"

"பார்பரா."

"கல்யாணம் எங்க நடந்தது?"

"ஊர்க் கோவில்ல சாமி. எட்டு வருஷம் ஆச்சு."

அவர் தலையசைத்தார். ஆர்கன்காரர் குறித்துக்கொண்டார். சாமியாருக்கு என்னவோ தோன்றியிருக்க வேண்டும். கிளம்பாமல் நின்று, "என்கிட்டச் சொல்றதுக்கு எதாவது இருக்காம்மா? முகம் வாடியிருக்கே. பயப்படாத" என்றார்.

"சொல்லுங்க அண்ணி" என்று என் வாயிலிருந்தே வந்துவிட்டது.

அவள் நிமிர்ந்து சாமியாரின் முகத்தை நேராகப் பார்த்தாள். அதுவரை சாமியார் முன் கண்ணைத் தூக்காதவள். "ஒண்ணும் இல்ல சாமி. எல்லாம் நல்லா இருக்கு" என்றாள்.

அவர் தீர்த்தம் தெளித்து, மந்திரித்ததற்கு அடையாளமாகக் கதவில் சாக்கட்டியால் வருஷத்தை எழுதிவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போனார்.

இரவு ஷிப்டுக்கு நான் கிளம்பும் நேரத்தில் இக்னாசி வந்தான். வாசலிலேயே கதவில் புது எழுத்தைப் பார்த்துவிட்டான். பூட்ஸைக்கூடக் கழற்றாமல் அவளிடம் போனான்.

"சாமி வந்துட்டாரா? சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"எல்லாத்தையும்?"

"எல்லாத்தையும்."

அவன் முகம் மலர்ந்ததை நான் பார்க்க வேண்டியிருந்தது. நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அப்பாடா. என்ன பதில் சொன்னாரு?"

அவள் சூப்பை ஊற்றி அவன் முன்னால் வைத்தாள்.

"நாளைக்குக் காலையில கம்பெனி கேட்ல சொல்லுவாங்க" என்றாள்.

இக்னாசி கரண்டியைக் கையில் எடுத்தபடி என்னைப் பார்த்துச் சிரித்தான். "என்னடா சொல்றா இவ? சாமிக்கு கேட்ல என்னடா வேலை?"