திவாவின் நம்பர்

என் கணவர் திவாகரனைப் பெட்டியில் வைத்த அன்று, அவர் ஆசையாக வைத்திருந்த பொருள் ஒன்றையும் கூட வைக்கச் சொன்னார்கள். எங்கள் எஸ்டேட்டில் அது வழக்கம். சீட்டுக்கட்டு வைப்பார்கள், பீர் போத்தல் வைப்பார்கள். திவாவின் அண்ணன் ரவிச்சந்திரன் அவர் கையில் வைத்து விளையாடும் கேம் செட்டைத் தேடினார். நான் அதை அரிசி டின்னுக்குள் ஒளித்துவிட்டு, திவாவின் போனை நீட்டினேன்.

"இதுதான் மாமா அவருக்கு உசுரு."

வாய் கூசாமல் சொன்னேன். போனோடு சேர்த்துப் புதைத்துவிட்டு வந்தோம்.

திவா செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். எண்ணெய் ஆலை வாசலில் எடை போட மூன்று மணி நேரம் வரிசையில் கிடப்பார். அங்கே லைன் கிடைக்காது. அதனால் சுங்கைப் பட்டாணி டவுனுக்குப் போகும்போது வைஃபையில் கேமைக் காசு கட்டி இறக்கிக்கொண்டு வந்து, லைன் இல்லாமலே விளையாடுவார். நிலம் வாங்கி, பயிர் வைத்து, வீடு கட்டுகிற கேம். மீதியை ராத்திரி நான் விளையாடுவேன். எதைக் கண்டாலும் மேய்கிற ஆட்டுக்கு என் பெயரை வைத்திருந்தார், வீணாய்ப்போன மனுசன். கேமில் கட்டிய வீட்டின் வாசல் பலகையில் 'திவா ஷாமளா வீடு' என்று எழுதியிருந்தார். சொந்த வீடு என்று எங்களுக்கு இருந்தது அது ஒன்றுதான்.

அவர் போன பிறகு பதினான்கு மாதமாகத் தினமும் அந்த வீட்டுக்குப் போனேன். போன வாரம் கேம் செட்டின் பேட்டரி உப்பிவிட்டது. பீடோங்கில் போன் கடை வைத்திருக்கும் தினேஸ்வரனிடம் கொடுத்தேன்.

"பேட்டரி மாத்தியாச்சுக்கா. ரொம்ப நாளா அப்டேட் இல்ல, வைஃபைல போட்டு அதையும் செஞ்சிட்டேன்லா. அதுக்குக் காசு வேணாம்."

கேமைத் தொட்டேன். திறக்கவில்லை. வாங்கியவர் நீங்கள்தானா, உங்கள் போனுக்கு அனுப்பிய ஆறு இலக்க எண்ணைப் போடுங்கள் என்றது.

"அண்ணன் போன் எங்கக்கா?"

"மண்ணுக்குள்ள."

அவன் முகம் செத்துப்போனது. பாவம், நல்லது செய்ய நினைத்தவன். எனக்கு அவனை அறையவேண்டும்போல் இருந்தது.

"காசு கட்டி ரீலோட் போடாம விட்டா நம்பரை வேற ஆளுக்குக் குடுத்துருவாங்கக்கா. அந்த ஆளுக்குத்தான் இப்ப மெசேஜ் போயிருக்கும். போன் அடிச்சுக் கேட்டுப் பாருங்க."

என் போனில் அந்த நம்பர் இன்னும் 'திவா' என்றே இருந்தது. அடித்தேன். வயதான மலாய்க்காரர் ஒருவர் எடுத்தார். எனக்குத் தெரிந்த மலாயில் கெஞ்சினேன். உங்களுக்கு ஆறு இலக்க எண் வந்திருக்கும், தயவுசெய்து சொல்லுங்கள், இது என் கணவரின் நம்பர், அவர் இறந்துவிட்டார் என்றேன். சொல்லும்போதே எனக்கு விளங்கியது. இப்படி யாராவது கேட்டால் உடனே போனை வை என்று என் அம்மாவுக்கு நானே எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்.

"போன வாரம் ஒருத்தி இப்படித்தான் அழுதாள்," என்றார் அவர். "என் மனைவியின் சேமிப்பு மொத்தமும் போய்விட்டது."

வைத்துவிட்டார். மறுபடி அடித்தேன். போகவில்லை.

"பிளாக் பண்ணிட்டாருக்கா," என்றான் தினேஸ்வரன்.

கல்யாணமான ஒன்பது வருஷத்தில், லோரி ஓட்டும்போதுகூட ஓரமாக நிறுத்தி என் போனை எடுத்தவர் திவா. அந்த நம்பர் என்னை வேண்டாம் என்று சொன்னது அன்றைக்குத்தான்.