பிடிப்பவனைப் பாராத தலை

பழம்பொருள்களைச் செப்பனிடும் கூடத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பணியாற்றும் நான், வெற்றுக் குழியைக் கண்டால் அதில் பதித்த கல் உதிர்ந்துவிட்டது என்றே முடிவு கட்டுவது வழக்கம். அந்தச் சடங்குக் குத்துவாளிலும் அவ்வாறே முடிவு கட்டினேன்.

அதன் கொம்புக் கைப்பிடியின் உச்சியில் இருதலைப் பறவை ஒன்று செதுக்கப்பட்டிருந்தது. வாள்முனையை நோக்கிய தலைக்குச் சிவப்புக் கல்லால் கண் இருந்தது. பிடிப்பவரை நோக்கிய தலைக்கு வெறும் குழி. உருப்பெருக்கியில் பார்த்தபோது குழிக்குள் பழைய பசையின் சுவடே இல்லை. அதை நான் பொருட்படுத்தியிருக்க வேண்டும். மாறாக, நிறம் பொருந்தும் கல்லொன்றைத் தேடிப் பதித்து, என் கைவேலைகளுள் இதுவே தலைசிறந்தது என்று பெருமிதமும் கொண்டேன்.

பின்னர் மெருகேற்றுவதற்காகக் கைப்பிடியைப் பற்றினேன். என் தாயார் நினைவுக்கு வந்தார். இறந்த அன்று அவர் மூன்று முறை தொலைபேசியில் அழைத்தார். வேலை கெடுமென்று மூன்று முறையும் துண்டித்தேன். வாளைக் கீழே வைத்ததும் நினைவு விலகிற்று. மீண்டும் எடுத்ததும் நான்காவது மணி கேட்டது. நான்காவது அழைப்பு வந்ததே இல்லை.

மறுநாள் காலை, வாளைக் கொடுத்திருந்த பெண் வந்தார். பார்த்ததும் அவர் முகம் வெளிறிற்று.

"ஐயோ சார்! இதுக்குக் கண்ணு வைக்கச் சொல்லி யாரு கேட்டது?"

"கல் விழுந்துடுச்சுன்னு நெனச்சேம்மா."

"இருந்தாத்தானே விழும்? முன்னாடி இருக்கறது எதிரியைப் பார்க்கும். பின்னாடி இருக்கறது குருடு. பிடிச்சிருக்கறவன் பண்ணினதை அது பார்த்துடக் கூடாது. நாளைக்கு எங்கண்ணன் இதைப் பிடிச்சுக்கிட்டு, 'அப்பா இடத்துல நான் நிக்கறேன்'னு சொல்லணும். சொல்லிட்டா வீடு, தொழில் எல்லாம் அவன் கையில."

"ஒரு மணி நேரம் குடுங்க. எடுத்துடறேன்."

கல்லைப் பெயர்க்க ஊசியைக் கையிலெடுத்தேன். அவர் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், இதைப் பிடிச்சப்போ உங்களுக்கு ஏதாவது தெரிஞ்சுதா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "எங்கம்மா," என்றேன்.

அவர் குனிந்து அந்தப் புதுக் கல்லைப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில் கூறினார்: "அப்பா மாடிப்படியில உருண்டு விழுந்து இறந்தப்போ வீட்டுல அண்ணன் மட்டும்தான். அவர் கூப்பிட்ட சத்தமே கேக்கலைன்னு சொன்னான். ஊசியைக் கீழ வைங்க சார்."

"தப்பு என்னோடது. திருத்தணும்மா."

"உங்க தப்புதான் எனக்கு வேணும்."

அதற்குள் வாசலில் வண்டி நின்றது. அண்ணன் சிரித்தபடியே உள்ளே நுழைந்தார்.

"என்னடி, கத்தி வாங்க வந்தியா, கத்தி போட வந்தியா? சார், என் தங்கச்சி உங்க காதை ரொம்ப அறுத்துட்டாளா?"

நான் தடுத்திருக்கலாம். ஊசியைக் கீழே வைத்தேன். தங்கை வாளை இரு கைகளாலும் நீட்டினார். அண்ணன் கைப்பிடியை இறுகப் பற்றி, எடை பார்ப்பவர்போல் ஒருமுறை உயர்த்தினார். சிரிப்பு மெல்ல நின்றது. தலையைச் சாய்த்துக் கூரையை நோக்கினார்.

"மேல மாடியில யாரு கூப்பிடறது?"

எங்கள் கூடத்துக்கு மாடி கிடையாது. தங்கை சென்று கதவைச் சாத்தினார்.

"நல்லா கேளுண்ணா," என்றார்.